மலையிலிருந்து இறங்கி வந்த பெயர்
காவிரிக்கரை ஊர்கள் – 7

சென்ற பகுதியை உறையூர் பஞ்சவர்ண சுவாமி கோயில் வாசலில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து கிழக்கே திரும்பினால், மொட்டை மாடிகளுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் மேலே மலைக்கோட்டை தலை காட்டும். இன்றைக்கு உறையூர் என்பது திருச்சியின் ஒரு பகுதி. வீட்டு வரி கட்டுவதும் திருச்சி மாநகராட்சிக்குத்தான். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை தலைகீழ். ஊர் என்றால் உறையூர். அதற்குக் கிழக்கே, ஊருக்கு வெளியே, ஒரு பாறை. சிராப்பள்ளி என்பது அந்தப் பாறைக்கு மட்டும் உரிய பெயர். அந்தப் பெயர் மலையை விட்டு இறங்கி வந்து, சோழர் தலைநகராக இருந்த ஊரையே தனக்குள் எப்படி வாங்கிக்கொண்டது என்பதை இந்தப் பகுதியில் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். சுற்றிலும் சமவெளி. வடக்கே கூப்பிடு தூரத்தில் காவிரி. நடுவில் சுமார் 83 மீட்டர் உயரத்துக்கு ஒரே கல்லாக எழுந்து நிற்கிறது மலை. உச்சிப் பிள்ளையார் சன்னிதியைச் சுற்றி வந்தால் வடக்கே ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோபுரங்களும், தெற்கே பொன்மலையும், மேற்கே உறையூரும் ஒரே பார்வையில் அடங்கும். இந்தக் காட்சியை முதலில் எழுத்தில் வைத்தவன் ஒரு பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே ஒரு குடைவரை வெட்டினான். உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஏறும் அவசரத்தில் பாதிப் பேர் கவனிக்காமல் கடந்து போகும் இடம் அது. லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர். உள்ளே மேற்குச் சுவரில் கங்காதரர் நிற்கிறார். சடையின் ஒரு கற்றையைப் பிடித்து, இறங்கி வரும் கங்கையை வாங்கிக்கொள்ளும் கோலம். பல்லவச் சிற்பங்களில் இதற்கு இணையாகச் சொல்ல ஒரு கை விரல்கள் போதும்.

அந்தச் சிற்பத்தின் இரு பக்கத் தூண்களிலும் வடமொழிச் சுலோகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கருத்து: தரையில் ஒரு கோயிலில் நின்றால் சோழநாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம், அதனால்தான் மன்னன் அவருக்கு மலைமேல் இடம் கொடுத்தானாம். இன்னொன்று இன்னும் சுவையானது. ஆறுகள் மேல் பிரியமுள்ள சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்ற கவலையில் பார்வதி பிறந்த வீடான இமயத்தை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாளாம்; காவிரி பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறாளாம். அரசியல்தான். காவிரி எங்களுடையது என்று காஞ்சிபுரத்து ராஜா சோழநாட்டின் நடுவில் நின்று சொல்வதற்கு இதைவிட நாசூக்கான வழி இல்லை. வேறு மதத்திலிருந்து திரும்பியவன் என்று மகேந்திரனைப் பற்றிச் சொல்லும் சுலோகமும் இங்கேதான் இருக்கிறது. அப்பர் அவனைச் சமணத்திலிருந்து சைவத்துக்குத் திருப்பினார் என்ற மரபுக்கு ஆய்வாளர்கள் காட்டும் கல் ஆதாரம் அதுதான்.

ஆனால் மகேந்திரன் உளி எடுக்கும் முன்பே இந்த மலைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மலையின் மேற்பகுதியில் இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம் உண்டு. குறுகலான பாறை விளிம்பில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு போகவேண்டிய இடம். தரையில் வரிசையாகப் படுக்கைகள். ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பாறையைச் சமன்செய்து, தலைமாட்டில் மட்டும் சற்று மேடாக விட்டிருக்கிறார்கள். கல்லிலேயே தலையணை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் சித்தன்னவாசலிலும் இருப்பது போன்ற சமணப் படுக்கைகள்தான் இவையும். இப்படிப்பட்ட ஒரு தலையணைப் பக்கத்தில் ‘சிரா’ என்று பெயர் வெட்டியிருக்கிறது. எழுத்தின் அமைப்பை வைத்து அது கி.பி. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே படுத்திருந்த துறவியின் பெயர் அது. அவருடைய பள்ளி, சிராப்பள்ளி.

பள்ளி என்ற சொல்லில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். ஊர்ப்பெயரின் பாதி அதில்தான் இருக்கிறது. படுக்கும் இடம் என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி எல்லாம் அந்த வழியில் வந்தவை. சமணரும் பௌத்தரும் தங்கிய இடங்களுக்கும் அதே சொல். அவர்கள் இருந்த இடத்தில் பாடம் சொன்னதால் பள்ளிக்கூடம் வந்தது என்பார்கள். பிறகு முஸ்லிம்கள் தொழுகைத் தலத்தைப் பள்ளிவாசல் என்றார்கள். காவிரிக்கு அந்தப் பக்கம் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் சமணர் பள்ளி. மலையடிவாரத்துக்கு அருகே நத்தர்வலி தர்கா. மூன்று மதத்துக்கும் இடம்கொடுத்த சொல் இது.

துறவிகள் இந்த மலையை ஏன் பிடித்தார்கள் என்பதற்கு விடை உறையூரில் இருக்கிறது. சமணத் துறவி ஊருக்குள் குடியிருக்கக் கூடாது. ஆனால் பிச்சைக்கு நடந்து போய் வரும் தூரத்தில் ஊர் இருந்தாக வேண்டும். உறையூரிலிருந்து மலை இரண்டு கிலோமீட்டர் அளவுதான். அந்த உறையூரோ சாதாரண ஊர் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்து உலகப் படம் எழுதிய தாலமி ‘ஒர்த்தூரா’ என்று குறித்ததும், செங்கடல் வணிகக் கையேடான பெரிப்ளஸ் மெல்லிய துணிக்குப் பேர்போன ‘அர்கரு’ என்று சொல்வதும் உறையூரைத்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் துணிபு. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி கிடைத்தது. துணி வியாபாரிகள் இருந்த ஊரில் சமணத்துக்கு ஆதரவு இருந்ததில் வியப்பில்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி கோவலனையும் கண்ணகியையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போகும் வழியில் தங்குவதும் உறையூரில்தானே.

இந்த இடத்தில் வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாங்கள் கேட்டு வளர்ந்த கதை வேறு என்பார்கள். தெரியும். திரிசிரன் என்ற மூன்று தலை அரக்கன் இங்கே சிவனை வழிபட்டான். அதனால் ஊர் திரிசிரபுரம் ஆனது என்பது தலபுராணம். அரக்கன் இல்லை, மலைக்கே மூன்று தலைகள்தான், ஒன்றில் சிவன், ஒன்றில் அம்பிகை, ஒன்றில் பிள்ளையார் என்பவர்களும் உண்டு. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தம் பெயருக்கு முன் திரிசிரபுரத்தைத்தான் வைத்துக்கொண்டார். வடமொழி வாசனையுள்ள மூன்றாவது விளக்கம் ஒன்றும் இருக்கிறது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் ஊர் ‘திருச்சிலாப்பள்ளி’ என்று வருவதைக் காட்டி, சிலை என்றால் கல், எனவே புனிதப் பாறை ஊர் என்றது. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இவற்றில் எதை எடுப்பது? காலத்தை வரிசைப்படுத்தினால் குழப்பம் தீர்ந்துவிடும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் பாடியபோது பெயர் சிராப்பள்ளி. அதில் திரியும் இல்லை, சிலாவும் இல்லை. திருவையாறு, திருவாரூர் போல முன்னால் மதிப்புக்காகத் ‘திரு’ ஒட்டியது, அவ்வளவுதான். பின்னாளில் மகேந்திரன் குடைவரையிலேயே நாராயணன் என்ற புலவர் பாடிய சிராமலை அந்தாதி கல்லில் வெட்டப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்கள், ஒரு முழு நூல், காகிதமும் ஓலையும் இல்லாமல் பாறையில் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதிலும் மலை ‘சிராமலை’தான். ‘சிலா’ வருவது 16-ஆம் நூற்றாண்டில். ‘திருச்சிரா’ என்ற ஒலியைத் ‘திரிசிர’ என்று கேட்டவர்கள் அதற்கு ஓர் அரக்கனைத் தேடிக்கொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். தலையணைப் பக்கத்து இரண்டு எழுத்து, புராணத்தைவிட மூத்தது. எனக்கு அதுதான் சாட்சி.

சம்பந்தர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. தம் பதிகங்களில் பத்தாம் பாட்டைச் சமணரையும் பௌத்தரையும் சாடுவதற்கென்றே அவர் ஒதுக்கிவைப்பது வழக்கம். சிராப்பள்ளிப் பதிகத்திலும் தவறவில்லை. உடை துறந்தவர்களையும் காலையில் கஞ்சி குடிப்பவர்களையும் ஒரு பிடி பிடிக்கிறார். ஆனால் பதிகம் முழுக்க அவர் சொல்லிச் சொல்லி உருகும் மலைப்பெயருக்குள் ஒரு சமணர் படுத்திருக்கிறார்.

சரி, மலைப்பெயர் ஊர்ப்பெயர் ஆனது எப்போது?

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘உறையூர்க் கூற்றம்’ என்ற நாட்டுப் பிரிவு வருகிறது. அதாவது தலைமைப் பெயர் அப்போதும் உறையூருக்குத்தான். விசயாலயன் தஞ்சையைப் பிடித்த பிறகு தலைநகர் அங்கே போய்விட்டது. என்றாலும் பழைய வீட்டுக்கு உள்ள மரியாதை குறையவில்லை. அடி விழுந்தது 13-ஆம் நூற்றாண்டில். 1216-ல் பட்டம் ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறந்தை என்ற உறையூரையும் எரித்தான். அவனுடைய மெய்க்கீர்த்தியே அதைப் பெருமையாகச் சொல்கிறது. பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கரிகாலன் பரிசாகக் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று, மலைக்கோட்டைக்கு வடக்கே உள்ள திருவெள்ளறையில் ஒரு பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஊரையே கொளுத்தியவனுக்கு ஒரு புலவர் மேல் இருந்த மரியாதையைப் பாராட்டுவதா, வேண்டாமா என்று எனக்கு இன்னமும் தீர்மானம் இல்லை.

உறையூரின் அழிவை ஊர்மக்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். மலைமேல் சாரமா முனிவர் என்பவர் சிவனுக்காகச் செவ்வந்தித் தோட்டம் வைத்திருந்தார். அந்தப் பூவை உறையூர் ராஜா பறித்து ராணிக்குக் கொடுக்க, முனிவர் முறையிட, கிழக்கு நோக்கி இருந்த சிவன் மேற்கே திரும்பி உறையூர் மேல் மண்மாரி பொழியவைத்தார். ஊர் மண்ணில் புதைந்தது. வெக்காளியம்மன் வெட்டவெளியில் நின்று காத்தாள். வீடிழந்தவர்களுக்கெல்லாம் கூரை கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று இன்றைக்கும் கூரை இல்லாமல் வானம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கதையைச் சரிபார்க்க வேண்டுமானால் மலையில் அந்தச் சிவன் இருக்கும் தாயுமானவர் சன்னிதிக்குப் போங்கள். சுவாமி மேற்கு நோக்கி இருப்பார்; கொடிமரம் அவருக்குப் பின்பக்கம், கிழக்கே நிற்கும். அவர் முகம் பார்க்கும் திசையில்தான் உறையூர். இதைக் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மலை ஜெயித்தது, ஊர் தோற்றது என்ற செய்தியை ஊர் தன் பாஷையில் எழுதிவைத்துக்கொண்டிருக்கிறது.

முடித்துவைத்தது கோட்டை. 16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்கள் கைக்கு வந்த பிறகு மலையை நடுவில் வைத்து மதிலும் அகழியும் எழுந்தன. மதிலுக்குள் தெப்பக்குளம், கடைவீதி, அரண்மனை. 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர்களுக்குத் தலைநகரே இங்கேதான் சில காலம். ராஜா, படை, வியாபாரம் மூன்றும் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டால் பெயர் மட்டும் எப்படி உறையூரில் இருக்கும்? அந்த மதில் இன்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் இடித்து, அகழியைத் தூர்த்து ரோடு போட்டார்கள். மேற்கு வாசல் ஒன்று தப்பியது. அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்க் காவல் இருந்ததால் மெயின்கார்டு கேட். பஸ் கண்டக்டர் வாயில் அது ஒரே மூச்சில் ‘மெய்ன்காட்கேட்’ என்று வரும். அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

நவாபுகள் வந்தபோது பெயரை மாற்றிப் பார்த்தார்கள். நத்தர்வலியின் நினைவாக நத்தர்நகர் என்றார்கள். முகமது அலி வாலாஜாவின் அடக்கமும், அவருடைய எதிரி சந்தா சாகிபின் அடக்கமும் அதே தர்காவில்தான் இருக்கின்றன. உயிரோடு இருந்தவரை இந்தக் கோட்டைக்காக அடித்துக்கொண்டவர்கள். நத்தர்நகர் என்ற பெயர் ஏடுகளைத் தாண்டி நிலைக்கவில்லை.

ஆங்கிலேயர் மாற்றவில்லை, சிதைத்தார்கள். ட்ரிச்சினாபொலி. இந்தப் பகுதியில் நடந்த சண்டைகளை விரிவாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். முதல் தொகுதி வந்தது 1763-ல். அதில் ஊர்ப்பெயர்களைக் கண்டுபிடிப்பதே ஒரு விடுகதை. ஸ்ரீரங்கம் ‘செரிங்காம்’. கொள்ளிடம் ‘கோலரூன்’. ஜம்புகேசுவரம் ‘ஜம்பகிஸ்னா’, சிவன் கோயிலுக்குள் கிருஷ்ணன் நுழைந்துவிட்டார். உய்யக்கொண்டான் திருமலை ‘வேகொண்டா’. எல்லாவற்றையும் மிஞ்சியது ‘எலிமிசெரம்’. எறும்பு வடிவில் தேவர்கள் வழிபட்டதாகச் சொல்லும் எறும்பீசுவரம், அதாவது நம் திருவெறும்பூர் அது. எறும்பு போய் எலி வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சிதைந்த பெயர்தான் கடல் தாண்டியது. கானன் டாயில் எழுதி 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது ட்ரிச்சினாபொலி சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். வெள்ளிக் கம்பியைப் பின்னிச் செய்யும் சங்கிலிக்கும் அதே பெயர். வடக்கு ஐரோப்பாவில் வைக்கிங் கால மண்ணிலிருந்து கிடைக்கும் பின்னல் சங்கிலிகளைக்கூடத் தொல்லியலாளர் ‘ட்ரிச்சினாபொலி’ வேலை என்கிறார்கள். வைக்கிங்குகள் மலைக்கோட்டைக்கு வந்தவர்கள் இல்லை.

இவ்வளவு மாற்றத்திலும் அசையாமல் நின்றது ஆற்றின் அக்கரை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவு. அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றின் நடுவில் உள்ள திட்டு என்று நம் பழைய நிகண்டுகளும் அகராதிகளும் பொருள் சொல்கின்றன. ஆடரங்கு என்ற பொருளும் உண்டு. பெருமாள் மனம் களிக்கும் இடம் என்று பக்தர்கள் சொல்வதும் உண்டு. என் ஓட்டு ஆற்றிடைக்குறைக்கு. காரணம், காவிரியின் மேல்வழியில் இருக்கிறது. மைசூர் அருகே ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆதிரங்கம் என்பார்கள், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்பார்கள், நம்முடையது அந்தியரங்கம். மூன்றிலும் அரங்கநாதர். மூன்றுமே காவிரி சூழ்ந்த தீவுகள். பஞ்சரங்கம் என்று பின்னால் சேர்த்துக்கொண்ட தலங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ஆனால் இந்த மூன்றும் தற்செயல் என்றால் நான் நம்பமாட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் தெருப்பெயர்களே ஒரு வரலாறு. சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதி. தைத்தேர் ஓடுவது உத்திர வீதி. அதற்கும் வெளியே, எல்லாவற்றையும் வளைத்து நிற்பதால் அடையவளைந்தான், பேச்சில் அடவளஞ்சான். உள்சுற்றுகளுக்கு, அவற்றைக் கட்டியவர்கள் என்று கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு சொல்பவர்களின் பெயர்கள்: தர்மவர்மன், ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன். ஆலிநாடன் என்பது வேறு யாருமில்லை, திருமங்கையாழ்வார். ஓர் ஊரின் தெருவில் தேரும் மாதமும் ராஜாவும் ஆழ்வாரும் பெயராக நிற்க, சாலைக்குத் தலைவர் பெயர் வைக்க இடமே இல்லாமல் போனது.

நகராட்சி திருச்சிக்கு வந்தது 1866-ல். ஸ்ரீரங்கம் 1871-ல் தனி நகராட்சி ஆனது. 1994-ல் திருச்சி மாநகராட்சி ஆனபோது ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதில் சேர்ந்தன. காகிதத்தில் எல்லாம் ஒரே ஊர். ஆனால் ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் பஸ் ஏறும் மாமியைக் கேளுங்கள்: “திருச்சிக்குப் போயிட்டு வரேன்” என்பார். உறையூர்க்காரர் அப்படிச் சொல்வதில்லை; டவுனுக்குப் போகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அடுத்த பகுதி சமயபுரம். அம்மன் பெயரால் உலகமே அறிந்த அந்த ஊருக்குக் கண்ணனூர் என்று பெயர் இருந்ததும், கர்நாடகத்து ஹொய்சளர்கள் அங்கே தலைநகர் வைத்து ஒரு சிவன் கோயில் எழுப்பியதும் அதில் வரும். இதற்கிடையில் ஒரு வேண்டுகோள். உறையூர், தென்னூர், வரகனேரி, திருவானைக்காவல் பக்கத்து வாசகர்கள் வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லை சொல்லும் இடத்தில் இன்று வழக்கில் இல்லாத வாய்க்கால், தோப்பு, படித்துறைப் பெயர்கள் ஏதாவது இருந்தால், பத்திரத்தின் ஆண்டோடு சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். சொத்து விவரம் வேண்டாம், பெயர் மட்டும் போதும்.